ஏறாத குதிரையும் கெடும்
போலோ ஆட்டக்காரர்கள், குதிரை வளர்ப்போர் ஆகியோரின் வாழ்விலிருந்து நாம் அறியத்தக்கவை

(கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர்)

பாராத பயிர் கெடும், ஏறாத குதிரை கெடும், கேளாத கடன் கெடும் என்பது நம் முன்னோர் வாக்கு. இம்மூன்றில் முதலாவதை நம் விவசாய உறுப்பினர்கள் அறிவர். மூன்றாவதைச் சங்க நிர்வாகிகள் நன்கு அறிவர். இடையில் நிற்கும் குதிரையைப் பற்றித்தான் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பேசுவோர் இல்லை. ஐயனார் கோயில் வாயிலில் நிற்கும் மண்குதிரைகளே நம் ஊர்களில் மிகுதி. ஆயினும், குதிரையை வளர்ப்பதையும் அதன்மேல் ஏறி விளையாடுவதையுமே வாழ்வாகக் கொண்டவர்களின் வரலாறு, மாடு வளர்ப்போருக்கும் தறி நெய்வோருக்கும் பயன் தரக்கூடியது. அதனைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டம் எத்தகையது?

போலோ என்பது குதிரைமேல் அமர்ந்து ஆடும் பந்தாட்டம். ஓர் அணிக்கு நால்வர். ஒவ்வொருவர் கையிலும் பிரம்புக் கைப்பிடியுடைய நீண்ட மட்டை இருக்கும். இடக்கைப் பழக்கம் உள்ளவரும் வலக்கையால்தான் மட்டையைப் பிடித்தல் வேண்டும். எதிரெதிராக விரைந்து வரும் குதிரைகள் மோதாதிருக்க ஏற்பட்ட விதி அது. மைதானத்தின் நீளம் 300 கெஜம். பலகை வரம்பு இட்ட மைதானமாயின் அகலம் 160 கெஜம். ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் என்றால் நம் உறுப்பினர்களுக்கு அதன் பரப்பு விளங்கும்.

ஆட்டம் சில பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒரு பகுதிக்குச் 'சக்கர்' என்று பெயர். அது சுமார் 7 நிமிடம் நடக்கும். அந்த 7 நிமிடமும் குதிரை முழு வேகத்தில் ஓடி, நின்று, திரும்பி, மீண்டும் ஓடுவதால், ஒரு சக்கர் முடிந்ததும் வேறு குதிரைக்கு மாறுவது வழக்கம். நன்கு இளைப்பாறிய குதிரையை அதே ஆட்டத்தில் இன்னொரு முறை இறக்கலாம். அதற்கு மேல் இறக்குவது முறையன்று. ஆட்டக்காரர்களின் திறமையை எண்ணால் குறிப்பர். புதியவருக்குச் சூனியத்திற்கும் கீழே 2; தலைசிறந்தவருக்கு 10. உலகில் 10 என்ற எண்ணைப் பெற்றவர்கள் மிகச் சிலரே.

ஜோத்பூர் ஹனுத் சிங்

இந்திய நாட்டில் போலோவையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர்களில் முதலில் நினைக்கத்தக்கவர் ராவ் ராஜா ஹனுத் சிங். 1971ஆம் ஆண்டுப் போரில் பெயர் பெற்ற சேனைத் தளபதி ஹனுத் சிங் வேறு ஒருவர். நாம் கூறுபவர் 1900ஆம் ஆண்டு பிறந்தவர். ஜோத்பூர் சமஸ்தானத்தை மன்னர்களின் சார்பில் நெடுங்காலம் நிர்வகித்த சர் பிரதாப் சிங்கின் புதல்வர். தந்தையார் போர்வீரர், குதிரை என்றால் உயிர். 1918ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் பாலஸ்தீனத்தின் ஹைபா நகரை, இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே ஈட்டியேந்திக் குதிரைமேல் பாய்ந்து கைப்பற்றியது ஜோத்பூர்ப் படையேயாகும். அத்தகைய மரபில் ஹனுத் சிங் வளர்ந்தார்.

1922ஆம் ஆண்டு வேல்ஸ் இளவரசர் இந்தியாவுக்கு வந்தபோது டில்லியில் நடைபெற்ற போட்டியில், அக்காலத்தில் வலிமை மிக்கதாக விளங்கிய பாட்டியாலா அணியை ஜோத்பூர் அணி வென்றது. அதில் ஆடிய இளைஞர்களில் ஹனுத் சிங்கும் ஒருவர். அதே ஆண்டில் தந்தையார் காலமானார். 1933ஆம் ஆண்டு ஜயப்பூர் மகாராஜா சவாய் மான் சிங் தம் அணியுடன் இங்கிலாந்து சென்றார். அவ்வணியில் ஹனுத் சிங், அபய் சிங், பாரியா பிருதி சிங் ஆகியோர் இருந்தனர். அந்தப் பருவத்தில் அங்கு நடைபெற்ற முக்கியமான திறந்த போட்டிகள் அனைத்திலும் அவர்களே வென்றனர். ஹனுத் சிங்கின் திறமை எண் 9 வரை உயர்ந்தது.

1957ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் தோவீல் நகரில் தங்கக் கோப்பையை இந்திய அணி வென்றபோது ஹனுத் சிங்குக்கு வயது 57. 1964ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கௌட்ரே பார்க் தங்கக் கோப்பையை வென்ற அணியில் ஆடியபோது வயது 64. அதே ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1982ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

பொதுவாக மற்ற விளையாட்டுக்களில் 40 வயதுக்கு மேல் நிலைப்பவர் அரிது. 64 வயதில் ஒருவர் இளைஞர்களுக்குச் சமமாக நின்றார் என்றால் அதன் காரணத்தை நாம் ஆராய வேண்டும். போலோவில் ஓடுவது குதிரை, மனிதன் அன்று. மனிதனுக்கு வேண்டியவை பந்து எங்கே வரும் என்று முன்கூட்டி அறியும் புத்தியும், தன் குதிரையை அறிந்த கையும், உறுதியான இருக்கையுமே. இவை வயதால் குறைவதைக் காட்டிலும் அநுபவத்தால் மிகுதியும் வளர்வன. குதிரையைப் பொறுமையாகப் பழக்குவதில் ஹனுத் சிங் பெயர் பெற்றவர். நன்றாகப் பழக்கிய குதிரை அவருக்குப் பல ஆண்டுகளைக் கூடுதலாகத் தந்தது என்றே சொல்லலாம்.

நெசவாளர்களுக்கு ஒரு செய்தி

சர் பிரதாப் சிங்கைப் பற்றி நெசவாளர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. 1897ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்கு அவர் லண்டன் சென்றார். அவர் அணிந்திருந்த கால்சட்டை, இடுப்பிலும் தொடையிலும் அகன்றும் முழங்காலுக்குக் கீழ்க் கணுக்கால் வரை இறுகியும் இருந்தது. அதனைக் கண்ட ஆங்கிலேயர் அதே மாதிரியில் தைத்துக்கொள்ளத் தொடங்கினர். இன்றளவும் குதிரையேறுவோரின் கால்சட்டைக்கு உலகெங்கும் 'ஜோத்பூர்' என்றே பெயர். ஓர் ஊரின் பெயர் ஓர் உடையின் பெயராகிவிட்டது.

தொடையில் அத்தனை அகலம் எதற்காக? தறியில் நெய்த பருத்தித்துணி இழுத்தால் நீளாது. இறுக்கமாகத் தைத்தால் சேணத்தில் ஏறிக் கால் விரித்து அமரும்போது கிழிந்துவிடும். ஆகவே அசைவுக்கு வேண்டிய இடத்தைத் தையலில் விட்டனர். பிற்காலத்தில் நீளும் தன்மையுள்ள செயற்கை இழை வந்தது. தொடையின் அகலமும் மறைந்தது. இழை மாறினால் தையல் மாறும், தையல் மாறினால் உடையின் உருவமே மாறும் என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

இன்னொன்று நமக்கு மிக நெருங்கியது. போலோ ஆடும் குதிரையின் நான்கு கால்களிலும், முழங்காலுக்குக் கீழே, கட்டுத்துணி சுற்றுவர். பந்தும் மட்டையும் பட்டு நரம்பு கெடாதிருக்க இந்த ஏற்பாடு. கட்டு தளர்ந்தால் அவிழ்ந்து காலில் சிக்கும். இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்படும். ஒரே சீரான இழுவிசையுடன் நெய்த துணியும், ஒரே சீராகச் சுற்றும் கையும் வேண்டும். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணியை நெய்யும் நம் உறுப்பினர்களுக்கு இச்சீரின் அருமை சொல்லாமலே விளங்கும்.

ஒரு குதிரையின் கணக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். ஓர் அணியில் நால்வர். ஆட்டம் ஆறு சக்கர் எனக் கொண்டு, சக்கருக்கு ஒரு புதுக் குதிரை என்றால் அணிக்கு 24 குதிரைகள் வேண்டும். ஒவ்வொன்றையும் இருமுறை இறக்கினாலும் 12 குதிரைகளுக்குக் குறையாது. 450 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ உலர்தீவனம் உண்ணும். ஆக, 24 குதிரைகளுக்கு நாள் ஒன்றுக்கு 240 கிலோ. ஆண்டுக்கு 87 டன்னுக்கு மேல். லாயம், லாடம், மருத்துவம், குதிரைக்காரர்களின் சம்பளம் ஆகியவை தனி.

வளர்ப்பவரின் கணக்கு இதனினும் கடினமானது. குதிரையின் சினைக்காலம் 11 மாதம். ஈற்றுக்கு ஒரு குட்டி. மூன்றாம் வயதில்தான் அதன் முதுகில் சேணம் வைப்பர். ஓடவும் நிற்கவும் திரும்பவும், கண்ணெதிரே வீசும் மட்டைக்கு அஞ்சாதிருக்கவும் பழக்கி மைதானத்தில் இறக்கும்போது ஐந்தாறு வயது ஆகிவிடும். ஆக, போட்ட முதல் திரும்பிவர ஆறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். நெசவாளர் பாவு போட்ட சில நாட்களில் துணி அறுக்கிறார். பருத்தி விவசாயிக்கு ஒரு பருவம். இராஜபாளையத்து மாந்தோப்புக்காரர்கூட ஒட்டுக்கன்று நட்ட நாலைந்து ஆண்டுகளில் காய் காண்கிறார். குதிரை வளர்ப்பவருக்கு அதுவும் இல்லை. இத்தனைக்கும் பிறகு, ஓடும்போது ஒரு குழியில் கால் இடறினால் ஆறு ஆண்டு உழைப்பும் ஒரு நொடியில் போய்விடும்.

இச்செலவை யார் தாங்கினர்? சமஸ்தானங்கள் இருந்தவரை மன்னர்களின் கருவூலம் தாங்கியது. அரசர்களுக்கு அளித்துவந்த மானியம் 1971ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தால் நின்றது. பெரிய லாயங்கள் பல சுருங்கின. அதற்கு முன்பே, சமஸ்தானக் குதிரைப்படைகளைச் சேர்த்து 1953ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட 61ஆவது குதிரைப்படை, ஆட்டத்தின் மரபைக் காத்துவந்தது. அப்படையைச் சேர்ந்த பிரேம் சிங், 1961ஆம் ஆண்டு அர்ஜுனா விருது தொடங்கப்பட்டபோதே போலோவுக்காக அதனைப் பெற்றார். மன்னர் போனபின் இராணுவம் வந்தது. அதுவும் வேறொருவருடைய பணமே என்பதை வாசகர்கள் மனத்திற்கொள்க.

ஆர்ஜென்டீனாவின் வழி

இன்று உலகப் போலோவின் தலைமை தென் அமெரிக்காவின் ஆர்ஜென்டீனா நாட்டிடம் உள்ளது. பரந்த புல்வெளி, மாடு மேய்ப்போரிடம் தலைமுறைகளாக இருந்த 'கிரியோல்லோ' என்ற கடுமுழைப்புக் குதிரை. அதனைப் பந்தயக் குதிரையோடு கலந்து, போலோவுக்கென்றே ஒரு வகையை உண்டாக்கி, தனி வம்சாவளிப் பதிவேடும் வைத்துள்ளனர். அங்கு ஆட்டக்காரரும் வளர்ப்பவரும் பெரும்பாலும் ஒருவரே.

அவர்களுள் தலைசிறந்தவர் 1975ஆம் ஆண்டு பிறந்த அதோல்ஃபோ காம்பியாசோ. பல்லாண்டுகள் 10 என்ற எண்ணைத் தாங்கியவர். குதிரை வளர்ப்பில் ஒரு பழைய சிக்கல் உண்டு: சிறந்த பெண்குதிரை விளையாடினால் குட்டி ஈன முடியாது, குட்டி ஈன்றால் விளையாட முடியாது. இதற்கு அவர்கள் கண்ட வழி, சிறந்த குதிரையின் கருவை எடுத்து வேறு சாதாரணக் குதிரையின் வயிற்றில் வளர்ப்பது. தாய் மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கும். அதன் குட்டி வேறொரு தாயிடம் வளரும். காம்பியாசோ இன்னும் ஒரு படி மேலே சென்றார். குவார்த்தெத்தேரா என்ற தம் ஒப்பற்ற பெண்குதிரையின் உயிரணுவிலிருந்து அச்சு மாறாத நகல் குதிரைகளை உண்டாக்கச் செய்தார். 2016ஆம் ஆண்டு புவனோஸ் ஐரிஸ் நகரின் பலேர்மோ மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில் அவற்றில் ஆறின்மேல் மாறி மாறி ஏறி வெற்றி பெற்றார்.

விஞ்ஞானத்தின் ஆற்றல் வியக்கத்தக்கது. எனினும், ஒரே குதிரையை ஆறாகப் பெருக்குவது ஆட்டத்தை வெல்ல உதவுமேயன்றி, ஓர் இனத்தைக் காக்காது. இனம் என்பது பல குடும்பங்களின் சேர்க்கை. ஒரே இரத்தம் பெருகப் பெருக, ஒளிந்திருக்கும் குறைகளும் வெளிப்படும். இதனை மாடு வளர்ப்போர் அனைவரும் அறிவர்.

மணிப்பூரின் சிறு குதிரை

இதுவரை கூறியது செல்வர்களின் கதை. தற்காலப் போலோவின் பிறப்போ எளிய ஊர் மக்களும் ஆடிய ஆட்டத்தில். மணிப்பூரில் அதற்குச் 'சகோல் காங்ஜை' என்று பெயர். அணிக்கு எழுவர். கோல் கம்பம் இல்லை. பந்து எல்லைக் கோட்டைக் கடந்தால் கோல். பந்து மூங்கில் வேரால் ஆனது. ஏறும் குதிரை 11 முதல் 13 'கை' உயரமே உள்ள மணிப்பூரி மட்டக்குதிரை. ஒரு கை என்பது 4 அங்குலம். ஆகவே நம் இடுப்புக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரம். அஸ்ஸாமின் கச்சார்ப் பகுதியில் இருந்த ஜோசப் ஷெரர் என்ற ஆங்கில அதிகாரியும் தேயிலைத் தோட்டத்தாரும் மணிப்பூரியர் ஆடுவதைக் கண்டு கற்று, 1859ஆம் ஆண்டு சில்சாரில் முதல் போலோ சங்கத்தை அமைத்தனர். அங்கிருந்து கல்கத்தா, கல்கத்தாவிலிருந்து இங்கிலாந்து, அங்கிருந்து உலகம்.

உலகுக்கு ஓர் ஆட்டத்தைத் தந்த குதிரையின் இன்றைய நிலை யாது? கால்நடைக் கணக்கெடுப்பின்படி 2003ஆம் ஆண்டு மணிப்பூரி குதிரைகள் சுமார் 1,900 இருந்தன. 2012ஆம் ஆண்டு 1,101. 2019ஆம் ஆண்டு 1,089. பதினாறு ஆண்டுகளில் பத்தில் நான்கு பங்கு போய்விட்டது.

காரணங்கள் மூன்று. முதலாவது, மேய்ச்சல் நிலம். இக்குதிரைகளை லாயத்தில் கட்டித் தீவனம் வாங்கிப் போடும் வழக்கம் அங்கு இல்லை. நகரைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களில் அவிழ்த்துவிடுவர். அந்நிலங்கள் கட்டடங்களாயின. குதிரைகள் இம்பால் நகரத் தெருக்களில் குப்பையை மேய்ந்தும் வாகனங்களில் அடிபட்டும் மாண்டன. இரண்டாவது, ஆட்டத்தின் உயர விதி. போலோக் குதிரைக்கு முன்னர் உயர வரம்பு இருந்தது. முதல் உலகப்போர்க் காலத்தை ஒட்டி அது நீங்கியது. பெரிய குதிரையே வெல்லும் என்றானபின், சிறு குதிரைக்குத் தன் ஊருக்கு வெளியே வேலை இல்லாமற் போயிற்று. மூன்றாவது, வருமானம். ஆடும் நாளில் பெருமை உண்டு. ஆண்டு முழுவதும் வளர்ப்பவருக்கு வரவு இல்லை. ஆகவே குதிரையை விற்றனர். 2016ஆம் ஆண்டு மணிப்பூர் அரசு இக்குதிரையின் பாதுகாப்புக்கென ஒரு கொள்கையை வகுத்தது. உள்ளூர் ஆட்டங்களில் மணிப்பூரி குதிரையையே ஏற வேண்டும் என்று ஆர்வலர்கள் வற்புறுத்தி வருகின்றனர். ஏறினால்தான் குதிரை நிற்கும் என்பதை அவர்கள் உணர்ந்துள்ளனர்.

நமக்கு இதில் என்ன?

மணிப்பூர் தொலைவில் உள்ளது. ஆயினும் இக்கதை நம் வீட்டு வாயிலிலும் நடக்கிறது. வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இராஜபாளையம் நாயை எண்ணிப் பாருங்கள். அது வேட்டை நாய். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை நின்றது. நாயின் பழைய வேலையும் நின்றது. 2005ஆம் ஆண்டு அதன் உருவத்துடன் தபால்தலை வெளிவந்தது நமக்குப் பெருமையே. ஆயினும் தபால்தலை ஓர் இனத்தைக் காப்பதில்லை. காவல் என்ற புதிய வேலை கிடைத்ததாலும், சில குடும்பங்கள் விடாது வளர்த்ததாலுமே அது நிலைத்தது. ஆனால் சில நாய்களுக்குள்ளேயே இனம் பெருக்கியதால் காது கேளாத குட்டிகள் பிறப்பதும் உண்டு. தாய் யார், தகப்பன் யார் என்று எழுதிவைக்கும் பொதுப் பதிவேடு இருப்பின் இக்குறையைக் குறைத்திருக்கலாம்.

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் மேயும் மலைமாடுகளின் நிலை இன்னும் நெருக்கமானது. 2021ஆம் ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அமைக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் காட்டில் கால்நடை மேய்ப்பதைத் தடை செய்து, பின்னர் அத்தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றிற்கு உரியதாகத் திருத்தியது. நம் மலையடிவாரமோ காப்பகமே. காடு காக்கப்பட வேண்டியது; அதில் ஐயமில்லை. ஆனால் மேய்ச்சல் நிலம் சுருங்கியபின் இனம் எங்ஙனம் சுருங்கும் என்பதற்கு மணிப்பூரின் எண்கள் சாட்சி. காட்டில் மேய்ந்த மாட்டுக்கு வீட்டில் தீவனம் தர வேண்டுமானால், அச்செலவுக்கு ஈடான வரவு அம்மாட்டிலிருந்து வந்தாக வேண்டும். மலைமாடு தருவது பாலைக் காட்டிலும் எருவே மிகுதி. அந்த எருவுக்கு நியாயமான விலை கிடைக்கச் செய்வதில் சங்கங்களுக்கு வேலை இருக்கிறது.

மன்னரின் பணத்தால் வளர்ந்த லாயம் மன்னரோடு சுருங்கியது. ஒரு செல்வரின் விஞ்ஞானம் அவருடைய லாயத்துக்குள் நிற்கிறது. தனித்தனியே நின்ற மணிப்பூர் ஏழையோ தம் குதிரையை விற்றுவிட்டார். இம்மூவரிடமும் இல்லாதது பலர் கூடிச் சுமக்கும் சுமை. அதுவே கூட்டுறவின் பொருள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கம் பாலைப் பால்கோவாவாக்கி, ஊரின் பெயரையே அதன் விலையாக மாற்றிக் காட்டியுள்ளது. ஒரு மாட்டுக்காரர் தனியாக அதனைச் செய்திருக்க இயலுமா? பொருளுக்குச் செய்த அதனை மாட்டின் இனத்துக்கும் செய்யலாகாதா?

பெரிய முதல் வேண்டுவதில்லை. ஒரு பதிவேடு போதும். மாட்டின் அடையாள எண், தாய், தகப்பன், ஈன்ற நாள், உடையவர் பெயர் என ஐந்து பத்திகள். சங்கச் செயலாளர் மாதம் ஒருமுறை எழுதக்கூடியதே. அடுத்து, நல்ல நாட்டுப் பொலிகாளை ஒன்றை உறுப்பினர்கள் கூட்டாகப் பேணி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அண்டை ஊர்ச் சங்கத்துடன் மாற்றிக்கொள்ளலாம். ஒரே இரத்தம் பெருகும் கேடு அதனால் நீங்கும். மூன்றாவதாக, நாட்டு மாட்டு எருவைக் கூட்டாகச் சேர்த்துத் தோட்டக்காரர்களுக்கு விற்கலாம்.

வரும் பொதுப் பேரவைக் கூட்டத்தில் வரவுசெலவு அறிக்கை நிறைவேறியபின், இப்பதிவேட்டைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவர உறுப்பினர்கள் முன்வருவார்களாக. 2003க்கும் 2012க்கும் இடையே மணிப்பூரில் மறைந்த குதிரைகளைத் திரும்பக் கொணர எந்தக் கருவூலத்தாலும் இயலாது. நம் மலைமாடுகளோ இன்னும் அடிவாரத்தில் நிற்கின்றன. அவற்றைக் கணக்கில் எழுதுவதற்கு இப்பொழுதே காலம்.